பதிவேட்டில் யார் பெயர்?

(ஆரணியில், பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண்கள் பெருமளவில் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆரணிக்குப் பேச வரும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். ஆணும் பெண்ணும் பாவும் ஊடையும் போல என்பார்கள், நீங்களும் மரியாதைக்குக் கை தட்டுவீர்கள். தறியில் உட்கார்ந்து உழைப்பவர்களிடம் தறியையே உவமையாகச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. முதலில் ஓட்டைப் பற்றிப் பேசுகிறேன், அதன் பிறகு நிஜமான தறியைப் பற்றிப் பேசுகிறேன். இரண்டு இடத்திலும் நான் கேட்கப் போகும் கேள்வி ஒன்றுதான்: பதிவேட்டில் யார் பெயர் எழுதியிருக்கிறது?

தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு ஓட்டுரிமை 1947-க்குப் பிறகு, சுதந்திரத்தோடு சேர்ந்து வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கதை அதற்கு முப்பது வருடம் முன்பே ஆரம்பித்துவிட்டது, அதுவும் நம் சென்னையில். 1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா முதலியவர்கள் அதில் முன்னின்றார்கள். கசின்ஸ் அயர்லாந்துக்காரர், அங்கே பெண்கள் ஓட்டுரிமைக்காகப் போராடிச் சிறைக்குப் போனவர்.

அந்த ஆண்டு இறுதியில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தார். இந்தியர்களுக்கு ஆட்சியில் எவ்வளவு பங்கு கொடுக்கலாம் என்று கேட்டறிய வந்த பயணம் அது. பெண் கல்வி பற்றிப் பேச வேண்டும் என்று கசின்ஸ் நேரம் கேட்டார். அரசியல் சீர்திருத்தம் பற்றிப் பேச வருவோருக்குத்தான் நேரம் என்று பதில் வந்தது. அப்படியானால் அரசியலே பேசுவோம் என்று சங்கத்துப் பெண்கள் முடிவு செய்தார்கள். 1917 டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு மாண்டேகுவையும் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டையும் சந்தித்தது. பெண்ணுக்கென்று தனிச் சலுகை எதையும் அவர்கள் கேட்கவில்லை. ஓட்டுப் போட என்ன தகுதி வைக்கிறீர்களோ வையுங்கள், பெண் என்ற ஒரே காரணத்துக்காக விலக்கி வைக்காதீர்கள் என்றார்கள்.

அடுத்து, யாருக்கு ஓட்டு என்று ஆராய வந்த சவுத்பரோ குழு அதை ஏற்கவில்லை. பெண்கள் திரைக்குள் இருக்கும் கோஷாப் பழக்கம் இருக்கிறது, சமூகம் இன்னும் தயாராகவில்லை, காலம் கனியவில்லை என்றது. உரிமை கேட்கும் பெண்ணுக்கு எந்தக் காலத்திலும் கிடைக்கும் பதில் இதுதான்: கொஞ்சம் பொறு. கடைசியில் 1919 இந்திய அரசுச் சட்டத்தில் லண்டன் ஆட்சியாளர்கள் பொறுப்பைத் தட்டிக் கழித்தார்கள். அந்தந்த மாகாணச் சட்டமன்றமே முடிவு செய்து கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

முடிவு செய்வதில் சென்னை மாகாணம் முந்திக்கொண்டது. 1921 ஏப்ரல் 1 அன்று, நீதிக்கட்சி ஆட்சியில் இருந்தபோது, பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் தீர்மானம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுவே முதலாவது. பம்பாய் அதன் பிறகு வந்தது. பாரதி மறைந்த ஆண்டும் அதுவே; செப்டம்பரில் போனார். பெண் விடுதலையைப் பாடிய மனிதர், தான் வாழ்ந்த மாகாணத்தில் பெண்ணுக்கு ஓட்டு வந்ததைக் கண்ணை மூடும் முன் பார்த்துவிட்டார்.

உலகக் கணக்கில் வைத்துப் பார்த்தால் இது சாதாரண விஷயமல்ல. நியூசிலாந்தில் 1893-இலேயே பெண்கள் ஓட்டுப் பெற்றார்கள். நம்மை ஆண்ட பிரிட்டனில் 1918-இல் கொடுத்தபோதும் பெண்ணுக்கு முப்பது வயது ஆக வேண்டும், சொத்துத் தகுதியும் வேண்டும் என்றார்கள். ஆணுக்குச் சமமாக அங்கே ஓட்டு வந்தது 1928-இல். சுவிட்சர்லாந்தில் தேசிய அளவில் பெண் ஓட்டுப் போட 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆணுக்கு எந்த நிபந்தனையோ பெண்ணுக்கும் அதே நிபந்தனை என்று சென்னை 1921-இலேயே சொல்லிவிட்டது.

ஆனால் அந்த நிபந்தனை என்ன? நிலவரி கட்டியிருக்க வேண்டும், அல்லது வீட்டு வரி, அல்லது வருமான வரி. சொத்துள்ளவருக்குத்தான் ஓட்டு. 1920 தேர்தலில் சென்னை மாகாணம் முழுக்க வாக்காளர்கள் ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம் பேர்தான். மக்கள்தொகையோ நாலு கோடிக்கு மேல். மக்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் ஓட்டு, அவர்களும் ஆண்கள் என்றால், பெண்ணுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்? பட்டா புருஷன் பெயரில். வீடு மாமனார் பெயரில். வரி ரசீதும் அவர்கள் பெயரில். சட்டம் கதவைத் திறந்துவிட்டது, ரசீது வாசலில் உட்கார்ந்துகொண்டது. தீர்மானம் வந்த பிறகும் இந்த மாகாணத்தில் வயது வந்த பெண்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கே பட்டியலில் ஏறினார்கள்.

அன்றைக்கு வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த இந்த ஆரணியில் ஒரு நெசவாளியின் மனைவியை நினைத்துப் பாருங்கள். விடியலிலிருந்து விளக்கு வைக்கும் வரை உழைத்தவள். வரி ரசீதைத் தேடிய அந்தப் பட்டியல் தறியையும் பார்க்கவில்லை, உழைப்பையும் பார்க்கவில்லை. சமத்துவத் தீர்மானம் அவள் வீட்டு வாசல் வரைக்கும்கூட வரவில்லை. தீர்மானம் போட்டவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியைத் தொடாமல் எந்தச் சமத்துவமும் பாதி தூரம்தான் போகும் என்பதற்கு நம் மாகாணத்தின் 1921 நல்ல சாட்சி.

ஓட்டுப் போடலாம், ஆனால் சட்டமன்றத்தில் உட்காரக் கூடாது. இந்த வேடிக்கை இன்னும் ஐந்து வருடம் நீடித்தது. 1926-இல்தான் அந்தத் தடை விலகியது. அந்த ஆண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாயா சென்னைச் சட்டமன்றத்துக்கு நின்றார். இந்தியாவில் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்ட முதல் பெண் என்று அவரைத்தான் சொல்கிறோம். சொற்ப ஓட்டில் தோற்றார். அவரைத் தூண்டிவிட்டு நிற்க வைத்தது அதே மார்கரெட் கசின்ஸ். கமலாதேவி என்ற பெயரை ஆரணியில் இரண்டு முறை சொல்ல வேண்டும், ஏனென்றால் சுதந்திரத்துக்குப் பிறகு அவர் பதவி தேடிப் போகவில்லை. 1952-இல் அமைந்த அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்துக்குத் தலைவரானார். ஊர் ஊராகப் போய் நெசவாளரையும் கைவினைஞரையும் தேடிப் பிடித்தார். ஓட்டுக்கு நின்ற முதல் பெண்ணே தன் மீதி வாழ்க்கையைக் கைத்தறிக்கும் கைவினைக்கும் கொடுத்தார். ஓட்டும் உழைப்பும் வேறு வேறு விஷயம் என்று அவர் நினைக்கவில்லை.

அதே வேளையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமனம் பெற்றார். உறுப்பினர்கள் அவரையே துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்றவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் சட்டமன்றத்தில் போட்ட சண்டை உங்களில் பலருக்குத் தெரியும். காந்தி கைதானபோது 1930-இல் பதவியை விட்டுவிட்டு வெளியே வந்தார். நாற்காலி கிடைத்தால் எதற்குப் பயன்படுத்த வேண்டும், எப்போது அதை விட்டு எழ வேண்டும், இரண்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்கடுத்து 1935 இந்திய அரசுச் சட்டம் வந்தது. இன்னும் கொஞ்சம் பெண்களைச் சேர்க்க வழி தேடினார்கள். என்ன வழி கண்டுபிடித்தார்கள் தெரியுமா? சொத்துள்ளவரின் மனைவி என்றால் ஓட்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்றாலும் ஓட்டு. மனைவி என்ற தகுதியில் ஓட்டு எங்களுக்கு வேண்டாம் என்று பெண்கள் அமைப்பினர் அப்போதே சொன்னார்கள். வயது வந்த எல்லோருக்கும் கொடுங்கள், இல்லையென்றால் எங்கள் தகுதியை எங்களை வைத்து முடிவு செய்யுங்கள் என்றார்கள். யாரும் காது கொடுக்கவில்லை.

பெண்ணை இன்னொருவரின் மனைவியாகவே பதியும் அந்த வழக்கம் எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்பது சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் தெரிந்தது. 1951-52 தேர்தலுக்குப் பட்டியல் தயாரிக்க வீடு வீடாகப் போனார்கள். இருபத்தொரு வயதான எல்லோருக்கும் ஓட்டு என்று அரசியல் சட்டம் சொல்லிவிட்டது. சொத்தும் கேட்கவில்லை, படிப்பும் கேட்கவில்லை. ஆனால் வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரை வெளி ஆளிடம் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே எழுதச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் இல்லாத ஏறக்குறைய 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான், அடுத்த தேர்தலில் பெரும்பாலான பெண்கள் சொந்தப் பெயரில் பதிந்தார்கள்.

பெயர் ஒரு முறை ஏறிவிட்டால் நிரந்தரம் என்றும் நம்பிவிடாதீர்கள். கடல் தாண்டிப் பக்கத்து நாட்டைப் பாருங்கள். இலங்கையில் 1931-இலேயே ஆண் பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை வந்துவிட்டது. ஆசியாவிலேயே மிக முன்னால். கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து 1932-இல் அரசாங்க சபைக்குப் போனார். ஆனால் 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்கள், அவர்கள் வீட்டு ஆண்கள், லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டே வாக்காளர் பட்டியலிலிருந்தும் போனார்கள். அந்தப் பிரச்சினையை முடித்து வைக்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. அரை நூற்றாண்டு! அந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டிக் கொடுத்த கைகளுக்கே அந்த நிலை என்றால், நாம் பட்டியலை எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும் என்று யோசியுங்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கான தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் பெண்கள் சுமார் 3.18 கோடி. ஆண்கள் சுமார் 3.08 கோடி. பத்து லட்சம் பெண்கள் அதிகம். அந்தத் தேர்தலில் ஜெயித்த 234 பேரில் பெண்கள் எத்தனை? பன்னிரண்டு. அதற்கு முந்தைய 2016-இல் இருபத்தொன்று. 1921-இன் நூற்றாண்டைக் கொண்டாட வேண்டிய வருடத்தில் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் ஐந்து பெண்கள். ஆரணி என்ற பெயரில் மக்களவைத் தொகுதி வந்து 2009-இல் முதல் தேர்தல் நடந்தது. அதிலிருந்து 2024 வரை நான்கு பொதுத்தேர்தல்கள், நான்கு உறுப்பினர்கள், நால்வரும் ஆண்கள்.

பெண்கள் நின்றால் ஜெயிக்க மாட்டார்கள் என்று கட்சிக்காரர்கள் சொல்வார்கள். நிற்கவே விடாமல் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று 2023 செப்டம்பரில் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு இரண்டு. மாநிலங்களவையில் எதிர்ப்பே இல்லை. அவ்வளவு பேருக்கும் பிடித்த சட்டம் உடனே அமலுக்கு வந்திருக்க வேண்டுமே? அதற்குப் பிறகு எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியாக வேண்டும், அதன் பேரில் தொகுதி மறுவரையறை முடிய வேண்டும், பிறகுதான் ஒதுக்கீடு என்று சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். சவுத்பரோ குழு சொன்ன அதே கொஞ்சம் பொறு!

ஒதுக்கீடு வந்த இடத்தில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். உள்ளாட்சியில் 1996 முதல் மூன்றில் ஒரு பங்கு, பிறகு 2016 திருத்தத்தின் மூலம் பாதிக்குப் பாதி. இன்றைக்குத் தமிழ்நாட்டில் பெண் கவுன்சிலர், பெண் தலைவர் என்பது அதிசயமில்லை. ஆனால் பல ஊர்களில் தலைவர் அம்மா கையெழுத்துப் போடுவார், தலைவர் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார். இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் ஒரு பெயரை மறக்கக் கூடாது. மதுரை வில்லாபுரத்தில் 1996-இல் மாநகராட்சிக் கவுன்சிலரான லீலாவதி. நெசவுத் தொழில் சார்ந்த குடும்பத்திலிருந்து வந்தவர். தன் பகுதி மக்களுக்குக் குடிநீர் குழாயில் வர வேண்டும், தண்ணீரை விற்றுப் பிழைக்கும் கும்பலின் பிடியிலிருந்து ஊர் விடுபட வேண்டும் என்று போராடினார். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். பெண் கவுன்சிலர் பொம்மை என்றால் அவரைக் கொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் வந்திருக்காது. அதிகாரத்தை உண்மையாகப் பயன்படுத்தினார், அதனால்தான் பயந்தார்கள்.

இனி தறிக்கு வருகிறேன். 2019-20-இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் நெசவிலும் அதைச் சார்ந்த வேலையிலும் இருப்போர் 35 லட்சத்துக்கு மேல் என்றது. அதில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள். நெசவாளி என்றதும் மனதில் வருவது மட்டும் ஏன் ஆண் முகம்?

ஆரணியிலும், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற சுற்று ஊர்களிலும் ஒரு பட்டுச் சேலை எப்படி உருவாகிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நூல் இழைப்பது யார்? தார் சுற்றுவது யார்? தெருவில் பாவு நீட்டும்போது ஒரு முனையைப் பிடிப்பது யார்? இழை அறுந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பிணைப்பது யார்? இப்போது தறியிலேயே உட்கார்ந்து முந்தானை வரை நெய்து இறக்கும் பெண்கள் எத்தனை பேர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள்? கூலி சேலைக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். அந்தச் சேலைக்குப் பின்னால் எத்தனை கை என்று மாஸ்டர் வீவரும் கேட்பதில்லை, கூட்டுறவுச் சங்கமும் கேட்பதில்லை. கூலி ஒரு கையில் வருகிறது, மற்ற கைகள் செய்தது வீட்டு வேலைக் கணக்கில் போய்விடுகிறது.

கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் சேமிப்பு, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம். சங்கத் தேர்தலில் ஓட்டும் அவருக்குத்தான். இதே கதை எங்கே கேட்டது? 1921-இல் வரி ரசீது. இன்றைக்கு உறுப்பினர் புத்தகம். நாட்டின் பிரதமரைத் தீர்மானிக்கும் ஓட்டு உங்களுக்கு இருக்கிறது. உங்கள் கூலியைத் தீர்மானிக்கும் சங்கத்தில் உங்களில் எத்தனை பேருக்கு ஓட்டு இருக்கிறது?

சொத்துப் பதிவேட்டிலும் இதே கதைதான். பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது வருடம் ஆயிற்று. 1989-இல் கலைஞர் ஆட்சியில், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன் கல்யாணம் ஆன மகள்களுக்கு அது இல்லை. நாடு முழுவதற்குமான 2005 திருத்தம் அந்தக் குறையைப் போக்கியது. சட்டம் இருக்கிறது. ஆனால் அண்ணன் தம்பி மனசு நோகுமே, நாளைக்குப் பொறந்த வீட்டு வாசல் மிதிக்க வேண்டாமா என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அக்காமார்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். சீரும் செனத்தியும் வாங்கிக்கொண்டோமே என்பார்கள். சீர் தேய்ந்து போகும், பட்டா தேயாது.

இப்படிச் சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போனால் அதில் அர்த்தமில்லை. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு வந்த மருமகளின் பெயர் இன்னும் அவள் பிறந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படிவம் 8 கொடுத்து மாற்றுங்கள். பதினெட்டு நிரம்பிய மகளுக்குப் படிவம் 6 கொடுங்கள். திருத்தப் பணி நடக்கும் ஒவ்வொரு முறையும் வரைவுப் பட்டியலை நீங்களே கையில் வாங்கி உங்கள் பெயரைத் தேடுங்கள். எல்லாம் இருக்கும்மா என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நெசவாளர் அடையாள அட்டை நெய்கிறவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும் என்று கேளுங்கள். வீட்டில் இரண்டு தறி இருந்து, ஒன்றை நீங்கள் ஓட்டுகிறீர்கள் என்றால் சங்க உறுப்பினராக உங்கள் பெயரும் சேரட்டும். பொதுக்குழுவுக்கு நோட்டீஸ் வந்தால் போய் உட்காருங்கள். தார் சுற்றுவதற்கும் பாவு போடுவதற்கும் தனிக் கூலி என்ற பேச்சை அங்கே முதலில் எடுப்பது பெண்ணாக இருக்கட்டும். முதல் கூட்டத்தில் சிரிப்பார்கள். மூன்றாவது கூட்டத்தில் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள்.

கிராமத்தில் இருப்பவர்கள் கிராமசபையை விடாதீர்கள். அது ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும். பெண் தலைவர் இருக்கும் ஊரில் தலைவர் நாற்காலியில் அவர்தான் உட்கார வேண்டும், பதிலும் அவர்தான் சொல்ல வேண்டும் என்று எழுந்து நின்று சொல்லுங்கள். அவருக்கு முதலில் சங்கடமாக இருக்கும். உங்களைப் போல நாலு பேர் துணைக்கு இருந்தால் பழகிவிடும்.

பின்னால் நிற்கும் அண்ணன் தம்பிகளுக்கும் ஒன்று. சங்கத்தில் மனைவி பெயர் ஏறுவதால் உங்கள் பெயர் அழியாது. வீட்டுக்கு இரண்டு பாதுகாப்பு வரும், சங்கத்தில் உங்கள் வீட்டுக்கு இரண்டு ஓட்டு வரும். இதைக்கூட நஷ்டம் என்று நினைத்தால் கணக்கு எங்கோ தப்பு.

தேர்தல் நேரத்தில் உங்கள் தெருவுக்குக் கும்பிட்டபடி வருவார்கள். ஆரத்தி எடுங்கள், அது நம் மரியாதை. எடுத்த பிறகு, உங்கள் கட்சி இந்த மாவட்டத்தில் எத்தனை பெண்களுக்குச் சீட்டுக் கொடுத்தது என்று கேளுங்கள். நெசவாளி என்ற உங்கள் பதிவேட்டில் எங்கள் பெயர் எப்போது வரும் என்றும் கேளுங்கள். ஆணைவிட அதிகமாக ஓட்டு வைத்திருப்பவர்கள் கேட்கிறீர்கள். பதில் சொல்லாமல் யாரும் அடுத்த வீட்டுக்குப் போக முடியாது.